பொட்டலத்தின் பின்பக்கத்தை என் அம்மாவும் வாசிக்க வேண்டும்

உணவுப் பொட்டலங்களில் எந்த விவரத்தை, எந்த அளவில், எந்த மொழியில் அச்சிட வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரிகளுக்கு,

என் அம்மாவுக்கு 76 வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவர். ஆனாலும் காலையில் செய்தித்தாள் வந்தால், முதல் பக்கத்துத் தலைப்பில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசித்து முடித்த பிறகே அடுப்படிக்குப் போகிறவர். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்ன அன்றே ஊறுகாய்ப் பரணியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கருவாட்டை நிறுத்தினார். மீன்கறிக்கும் பாதி உப்புதான் போட்டார். இரவுக்கு மட்டும், வயிற்றுக்கு லேசாக இருக்கும் என்று தொலைக்காட்சியில் சொன்னதை நம்பி, மசாலா ஓட்ஸும் பாக்கெட் சூப்பும் சாப்பிடத் தொடங்கினார். நாலு மாதம் ஆகியும் அழுத்தம் இறங்கவில்லை. என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்ட மருத்துவர், அந்தப் பொட்டலங்களைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கத்தைத் திருப்பினார். சோடியம் என்ற வரிக்கு நேரே இருந்த எண்ணை அவர் உப்பாக மாற்றிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா பொட்டலத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதில ஒண்ணும் எழுதல்லியே மக்களே?"

எழுதியிருந்தது. நெருக்கி நெருக்கி, எறும்புச் சாரை போல, ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தினமும் வாசிக்கிற ஒருவருக்கு அது எழுத்தாகவே படவில்லை. 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பொட்டலங்களில் பாதியைத் தக்கலையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தவள் நான்தான். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். இருந்தும் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. புத்தகக் கடையில் பின்னட்டையை வாசிக்காமல் ஒரு புத்தகத்தையும் வாங்காதவள், அம்மாவின் வயிற்றுக்குள் போகிற பொருளின் பின்னட்டையை வாசிக்காமல் நாலு மாதம் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து விதிகளைத் தேடி வாசித்தேன். உணவுப் பொட்டலங்களின் விவரச்சீட்டு, காட்சிப்படுத்தல் பற்றிய 2020 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ தர வேண்டும் என்று சொல்லி, வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை என்றும் சொல்கின்றன. எடை, விலை முதலியவற்றுக்கான 2011 ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் அதே இரண்டு மொழிகளைத்தான் குறிப்பிடுகின்றன. தடையில்லை என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். தடையில்லாத அந்தக் காரியம் நிறுவனங்களுக்கு எப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது என்று பாருங்கள். பொருளின் பெயரைத் தமிழில் அச்சிடுகிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ‘கூடுதல் 20 சதவீதம் இலவசம்’ என்று தனி உறையே தமிழில் போடுகிறார்கள். கடைவாசலில் கட்டும் பதாகை தமிழ், தொலைக்காட்சியில் கொஞ்சிப் பேசும் குழந்தை தமிழ். உறையைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் தமிழ் நின்றுவிடுகிறது.

என் தலைமுறையில் எங்கள் ஊரில் பலருக்கு வாசிக்கும் பழக்கம் வந்ததே பலகாரம் பொதிந்து வந்த தாளில்தான். சாயாக்கடையிலிருந்து அப்பா வாங்கிவரும் ரசவடையும் பழபஜ்ஜியும் தீர்ந்த பிறகு, எண்ணெய் ஊறிக் கண்ணாடி போலாகிவிட்ட அந்தத் தாளை விரித்துப் பிடித்து வாசிப்போம். தொடர்கதையின் நடுப்பகுதி இருக்கும், முடிவு இருக்காது. மறுநாள் வடை வாங்கும்போது அதன் மீதி வருமா என்று காத்திருந்த நாட்கள் உண்டு. கருப்பட்டி பொதிந்து வந்த தாளை அம்மா நீவி மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருப்பார். செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று 2018 ஆம் ஆண்டின் உணவு உறை விதிகளில் தடுத்தீர்கள். அச்சு மை உணவில் ஒட்டி உடலுக்குள் போகக் கூடாது என்பதற்காகச் செய்தது அது. சரியான முடிவு, அதை எதிர்த்து எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அந்தத் தாள் போன இடத்தில் வந்த பளபளப்பான உறை, பின்பக்கத்தில் என் அம்மா வாசிக்கக்கூடிய ஒரு வரியும் இல்லாமல் வந்திருக்கிறது.

மருத்துவமனைக்குப் போய்வந்த அந்த வாரமே ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் சனிக்கிழமை மாலைதோறும் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசிக்கப் பழக்கி வருகிறேன். கதைப் புத்தகத்துக்குப் பதிலாக, அந்த வாரம் வீட்டில் தின்று தீர்த்த பொட்டலங்களின் உறைகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னேன். 17 உறைகள் சேர்ந்தன. முன்பக்கத்தை வாசிக்கச் சொன்னபோது ஒருவருக்கும் சிரமம் இல்லை; எட்டு உறைகளில் பெயர் தமிழிலேயே இருந்தது, மற்றவற்றின் பெயரை விளம்பரத்தில் கேட்டு எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பின்பக்கம் திருப்பியதும் நூலகம் அமைதியாகிவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ என்ற சொல்லை நாலு தடவை உடைத்து உடைத்து வாசித்து, கடைசியில், "டீச்சர், இது யாருக்க பேரு?" என்று கேட்டாள். மாவுப்பொருளைச் சிதைத்து எடுக்கிற ஒரு பொடி அது, நம் மரச்சீனியிலிருந்தும், அதாவது மரவள்ளிக் கிழங்கிலிருந்தும், அதை எடுப்பார்கள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

பதினாறு உறைகளின் பின்பக்கத்தில் உட்பொருள் பட்டியல் தமிழில் இல்லை. பதினேழாவது உறை, எங்கள் பக்கத்திலேயே வீட்டுத் திண்ணையில் முறுக்கு சுற்றி விற்கும் ஓர் அம்மாவுடையது. அதில் ‘பச்சரிசி மாவு, உளுந்து மாவு, எள், உப்பு, தேங்காய் எண்ணெய்’ என்று ஒரு சிறிய தாளை ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் அதை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, வேறு உண்டா என்பது போல என்னைப் பார்த்தான். பெரிய ஆலையும் அச்சு இயந்திரமும் இல்லாத ஒருவர் செய்ததை, எல்லாம் இருப்பவர்கள் ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு அன்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பட்டியலை வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, வாசிக்கப் பழகவும் வேண்டும் என்பதை நானே பிறகுதான் கற்றுக்கொண்டேன். உட்பொருள்களை எடையில் அதிகமானது முதலிலும் குறைவானது கடைசியிலுமாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது உங்கள் விதி, நல்ல விதி. ஆனால் சர்க்கரை ஓர் இடத்திலும், இன்வெர்ட் சிரப் இன்னோர் இடத்திலும், லிக்விட் குளுக்கோஸ் மற்றோர் இடத்திலுமாகப் பிரிந்து நின்றால், சேர்ந்து நின்றிருந்தால் முதலிடம் பிடித்திருக்கும் இனிப்பு மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது இடங்களுக்கு இறங்கிவிடுகிறது. உப்பின் கதையும் இப்படித்தான். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் ஊர் மருத்துவர்களும் அதைத்தான் உப்பு என்றும், ஒரு சிறு கரண்டி என்றும் சொல்கிறார்கள். பொட்டலமோ சோடியம் என்று மில்லிகிராமில் சொல்கிறது. 400 மில்லிகிராம் சோடியம் ஏறத்தாழ 1 கிராம் உப்பு என்று தெரிந்தவர்தான், 800 என்ற எண்ணைப் பார்த்ததும் அந்த நாளின் உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு இங்கேயே முடிந்துவிட்டது என்று கணக்குப் போட முடியும். ஆங்கிலம் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்குத் தெரியும்?

வாசிக்க முடியாமை குருட்டு நம்பிக்கையை மட்டும் வளர்க்கவில்லை, குருட்டுப் பயத்தையும் வளர்க்கிறது. அன்று பிஸ்கட் உறையில் 500(ii) என்ற எண்ணைப் பார்த்த ஒரு பையன், "கெமிக்கல், கெமிக்கல்" என்று கத்தினான். இந்த எண் இருந்தால் இன்ன கொழுப்பு, அந்த எண் இருந்தால் இன்ன நோய் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அவன் வீட்டில் கேட்டிருக்கிறான். 500(ii) என்பது அவன் பாட்டி ஆப்ப மாவில் ஒரு சிட்டிகை போடுகிற அதே ஆப்பச் சோடாதான். ‘ஆப்பச் சோடா’ என்று இரண்டு சொல் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். 621 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘சுவை கூட்டும் உப்பு’ என்று இருந்திருந்தால் அவன் அம்மா ஒரு நொடி யோசித்திருப்பார். இரண்டுமே நடக்கவில்லை.

இதைப் பழையதைப் புகழ்ந்து புதியதைத் திட்டும் மடலாக நீங்கள் வாசிக்கக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தின் அன்றாடச் சாப்பாடு என்று யாரைக் கேட்டாலும் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் என்பார்கள். அந்த மரச்சீனி எங்கள் மண்ணில் பிறந்தது இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதைப் பரப்ப முனைந்தவர், அப்போது எங்கள் ஊர்களும் அந்த நாட்டில்தான் இருந்தன. வெளியூர்ப் பண்டம் என்று யாரும் ஒதுக்கவில்லை. கசப்புக் கிழங்கில் நஞ்சு உண்டு, நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும், தழையை ஆடு தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற செய்தியும் கிழங்கோடு சேர்ந்தே வீடு வீடாகப் போனது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் அது தெரிந்திருந்தது. புதிதாக வருகிற ஓட்ஸும் நூடுல்ஸும் தம்மைப் பற்றிய செய்தியையும் கொண்டுவரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் சந்திப்பில் இருக்கும் பெட்டிக்கடையின் உத்தரத்தில் நாலு கொக்கிகள் உண்டு. என் சிறுவயதில் நாலிலும் வாழைக்குலை தொங்கும். மட்டி, ரசகதலி, செந்துளுவன், ஏத்தன் என்று பெயர் சொல்லித்தான் கேட்போம், பெயரைச் சொன்னால் போதும், பிள்ளைக்கா, நோயாளிக்கா, பூசைக்கா என்று கடைக்காரருக்கே விளங்கிவிடும். கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம் என்று மட்டியைச் சொல்வோம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று அந்த நாலு கொக்கிகளில் மூன்றில் 5 ரூபாய், 10 ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. நாலாவதில் ஒரு குலை, அதுவும் பாதி விற்காமல் கறுத்துப்போய் இருக்கும். கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பழம் மூன்று நாளில் அழுகும், பொட்டலம் நாலு மாதம் இருக்கும், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வண்டி வரும். அவரும் பிழைக்க வேண்டும்.

அந்தக் கடைக்கு மாலை ஐந்தரை மணிக்கு அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலை விட்டு வரும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன். முந்திரிக்கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து, நகக்கண் வெந்துபோன பெண்கள். சம்பள நாளில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்காமல் போக மாட்டார்கள். அவர்களில் ஒருத்தி, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள், முந்திரிப் படம் பெரிதாகப் போட்ட ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, "டீச்சர், இதில அண்டிப்பருப்பு எவ்வளவு உண்டு?" என்று கேட்டாள். முன்பக்கத்தில் படம் போட்டுப் பெருமையாகச் சொல்லும் பொருள் எத்தனை சதவீதம் என்று பட்டியலில் குறிப்பிட வேண்டும். அந்தப் பாக்கெட்டிலும் குறிப்பிட்டிருந்தார்கள். ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாத எண் அது. வாசித்துச் சொன்னேன். நாளெல்லாம் உட்கார்ந்து கொட்டை உடைத்தவள், படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். விவரம் கிடைத்ததும் அவள் எடுத்த முடிவு அது. உங்கள் விதி அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் அந்தச் சதவீதத்தை அச்சிட வைத்தது; அவளுக்குத் தெரிவதற்கு ஒரு டீச்சர் கடையில் நிற்க வேண்டியிருக்கிறது.

படிப்பறிவில்லாதவர்களுக்கு எந்த மொழியில் எழுதி என்ன பயன் என்று சொல்லிவிட முடியாத மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்றது கன்னியாகுமரி. கவிமணி பிறந்த தேரூரும் ஜீவானந்தம் பிறந்த பூதப்பாண்டியும் இங்கேதான் இருக்கின்றன. அந்தக் கணக்கெடுப்பின்படி எங்கள் மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். ஐரோப்பாவில் எஸ்டோனியா என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் மக்கள்தொகை எங்கள் ஒரு மாவட்டத்தைவிடக் குறைவு, ஏறத்தாழ 14 லட்சம். அங்கே விற்கும் உணவுப் பொட்டலத்தில் விவரங்கள் எஸ்டோனிய மொழியில் இருந்தாக வேண்டும். விற்கப்படும் நாட்டு மக்களுக்கு எளிதில் விளங்கும் மொழியில் உணவு விவரம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2011 இலேயே வகுத்த பொது விதி. 14 லட்சம் பேருக்காகத் தனி எழுத்து அச்சிட முடிகிற உலகத்தில், 7 கோடிக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு மக்களுக்காக அச்சிடுவதில் என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. இந்த மாநிலத்தில் கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. பலகைக்குக் கீழே விற்கும் பண்டத்துக்கு அது பொருந்தாது என்பது விந்தையாக இல்லையா?

வெளிநாட்டு முன்மாதிரிகூட வேண்டாம். நம் நாட்டிலேயே 2003 ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 9 ஆம் பிரிவு இருக்கிறது. பொட்டலத்தில் எந்த மொழி பயன்படுத்தப்படுகிறதோ அந்த மொழியிலேயே எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆங்கிலம் என்றால் ஆங்கிலம், இந்திய மொழி என்றால் அந்த இந்திய மொழி, இரண்டும் என்றால் இரண்டிலும். பீடிக்கட்டை விற்பவர் எந்த மொழியில் கூப்பிட்டு விற்கிறாரோ அதே மொழியில் அதன் கேட்டையும் சொல்ல வேண்டும் என்ற அந்த நியாயம், குழந்தைகளின் பிஸ்கட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் எனக்குத் தெரியும். உறையில் இடம் போதாது என்பார்கள். கிரிக்கெட் வீரரின் முகத்துக்கும் பரிசுப் போட்டிக்கும் இடம் போதுகிறது. நாடு முழுவதற்கும் ஒரே உறைதான் அச்சிட முடியும் என்பார்கள். பொங்கல் சலுகை உறைகள் பீகாருக்குப் போவதில்லை. உறையில் ஒரு க்யூஆர் கட்டம் போட்டுவிட்டால் போனிலேயே எந்த மொழியிலும் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனையும் வரும். அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். அது இருக்கட்டும், ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களிலும் கடைவாசலில் ஒரு கையில் தூக்குப்பையும் மறுகையில் பிள்ளையுமாக நின்று, 10 ரூபாய்ப் பொட்டலம் ஒன்றுக்காகக் கட்டத்தைப் படம் பிடித்து வாசிப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சிறிய உற்பத்தியாளர்களுக்குச் சுமை என்ற பதிலில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

எழுத்தே இல்லாமல் விவரம் சொல்ல முடியும் என்பதற்கு நீங்களே சான்று வைத்திருக்கிறீர்கள். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம் என்பது எழுத்து தெரியாத பாட்டிக்கும் தெரியும். அதுபோல உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பொருள்களின் முன்பக்கத்தில் எச்சரிக்கைக் குறி வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. சிலி நாட்டில் 2016 முதல் கறுப்பு எண்கோணக் குறி நடைமுறையில் இருக்கிறது. இங்கே 2022 இல் வெளியான வரைவில் குறிக்குப் பதிலாக அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் திட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முன்பக்கக் குறி பற்றிய பரிந்துரைகளைத் தயாரிக்க 3 மாதக் கெடு வைத்தது. நட்சத்திரம் வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். எங்கள் ஊரில் நட்சத்திரம் என்றால் பாராட்டு. விடைத்தாளில் நான் நட்சத்திரம் போட்டால் பிள்ளை வீட்டுக்கு ஓடிப்போய்க் காட்டும். அரை நட்சத்திரத்தைப் பார்க்கும் தாய், அரசே ஒரு அரை மார்க்காவது கொடுத்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

பெயர்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொன்று. ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற ஒரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை என்று சொல்லி, 2024 ஏப்ரலில் மத்திய வணிகத் துறை இணைய விற்பனைத் தளங்களை அந்தத் தலைப்பிலிருந்து பானங்களை நீக்கச் சொன்னது. எங்கள் பக்கத்து மருத்துவமனை வாசல்களில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இன்றும் அதே பெயரைச் சொல்லித்தான் பாட்டில் வாங்குகிறார்கள். முன்பு ஒரு சீப்பு ஏத்தம்பழம் வாங்கிக்கொண்டு போன அதே உறவினர்கள். அந்தத் திருத்தம் ஆங்கிலத்தில் வந்தது, ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது.

பள்ளி விதியும் அப்படித்தான். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது, விளம்பரப்படுத்தவும் கூடாது என்று 2020 இல் விதி வகுத்தீர்கள். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் எங்கள் பள்ளி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால் மூன்று கடைகளின் சரங்கள் தெரியும். அந்தக் கடைக்காரர்கள் சட்டத்தை மீறுகிறவர்கள் இல்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதை அவர்களுக்குத் தமிழில் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கும் அந்தச் செய்தி வந்து சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே கேட்கிறேன். பொட்டலத்திலோ அதன் விளம்பரத்திலோ எந்த மொழியைப் பயன்படுத்தி விற்கிறார்களோ அந்த மொழியிலும் உட்பொருள் பட்டியல், ஒவ்வாமை விவரம், காலாவதி நாள் ஆகியவை இருந்தாக வேண்டும் என்று 2020 ஒழுங்குமுறைகளைத் திருத்துங்கள். புகையிலைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவில் அதற்கான வாசகமே தயாராக இருக்கிறது. ‘தடையில்லை’ என்பதை ‘வேண்டும்’ என்று மாற்றுங்கள்.

சோடியத்தை உப்பாக, கிராமில், அந்தப் பொட்டலம் முழுவதற்கும் எவ்வளவு என்று சொல்ல வையுங்கள். சர்க்கரை எத்தனை பெயரில் பிரிந்து நின்றாலும் மொத்தத்தை ஒரே வரியில் பட்டியலின் தலையில் போட வையுங்கள். எண்களுக்குப் பக்கத்தில் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் நட்சத்திரத்துக்குப் பதிலாக எச்சரிக்கைக் குறியையே கொண்டுவாருங்கள். அது நடைமுறைக்கு வரும் தேதியையும் சேர்த்து அறிவியுங்கள்.

முறுக்கு சுற்றும் வீடுகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் உங்கள் செலவில் மாதிரித் தாள்கள் கொடுங்கள். அவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாடு முழுவதும் விற்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஆறு மாதம் போதும்.

50 மீட்டர் விதியைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டு, எல்லாப் பள்ளி வாசலிலும் வாசலுக்கு எதிரே இருக்கும் கடையிலும் ஒட்டுங்கள். உட்பொருள்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஊர்ப்புற நூலகங்களுக்கு அனுப்பினால், சனிக்கிழமைகளில் அதை வாசிக்க வைக்கும் பொறுப்பை எங்கள் ஊரில் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பிள்ளைகள் கழுவிக் காயவைத்த 17 உறைகளையும் எண் போட்டு ஒரு கவரில் வைத்து இந்த மடலோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மேலே கேட்டவற்றில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, முடியாததற்குக் காரணம் என்ன என்று 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் தமிழில், சற்றே பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதை முதலில் வாசிக்கப்போகிறவர் என் அம்மா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.